ஆடிக் காற்றும் லயத்துப் பிள்ளைகளும்

வட்டார நிருபர் என்பவர் கல்யாண வீட்டுக்கு அழைக்கப்படாதவர்; சாவு வீட்டுக்கு அழைக்காமலே போகிறவர். பதுளையில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, கொழும்புத் தமிழ்த் தினசரி ஒன்றுக்கு ஐம்பதுகளில் நெடுங்காலம் அந்த உத்தியோகத்தைத்தான் பார்த்தேன். லொறி கவிழ்ந்தால் போவேன். மண் சரிந்தால் போவேன். பிள்ளை செத்தால் போவேன். வேறெதற்கும் என்னை யாரும் தேடியதில்லை. நான் பாதையில் ஏறி வருவதைக் கண்டால், சில தோட்டங்களில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

வெயில் காலத்தில் பிள்ளைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவர்கள் நீங்களும்தான். ஒருவன் மாமரத்தில் இருப்பான், ஒருத்தி கிணற்றுக் கட்டில் இருப்பாள், அந்த நேரம் பார்த்து அடுக்களையில் ஏதாவது விழும். தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் தாய்மார் பட்டதும் அதே பாடுதான். வித்தியாசம் ஒன்று மட்டும். அதட்டிக் கூப்பிட உங்கள் வீட்டில் ஆள் இருந்தது.

எங்கள் ஊவா மாகாணத்தில் வெயில் காலம் என்பது ஆனி, ஆடி, ஆவணி. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் காய்ந்த காற்று ஓயாமல் அடிக்கும். மலையூற்றைக் கொண்டுவரும் பீலியில் தண்ணீர் வற்றும். மானாப்புல் கைபட்டால் நொறுங்கும். கொழுந்து குறையும். அந்தக் காற்றில் வாடிய கொழுந்துக்குத்தான் தனி வாசம் ஏறும், ஊவாத் தேயிலை சீமையில் பேர் வாங்குவது அந்த மாதங்களில்தான் என்று தோட்டத்தை நடத்தும் துரைமார் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். எனக்கும் அந்த மாதங்களில்தான் செய்தி அதிகம்.

கீழே வருவதில் பெரும்பகுதி கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது. பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே மட்டும்தான் இப்படி என்று நினைத்து நிம்மதியாகிவிடுவீர்கள்.

நாற்று மேடைக் காவல்

ஸ்டோருக்கு மேலே, அதாவது தேயிலை ஆலைக்கு மேலே, ஒரு தண்ணீர்த் தொட்டி. எஞ்சினுக்கு வேண்டிய தண்ணீர் அதில் நிற்கும். சுவர் இல்லை, மூடி இல்லை. நிலமட்டத்தோடு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். லயத்துப் பீலி வற்றிய காலத்தில் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் கண்ணில் படுகிற ஒரே தண்ணீர் அதுதான். தாய்மார் அதில் ஒரு குடம் மொள்ள முடியாது, அது ஸ்டோர்த் தண்ணீர். அவர்கள் பள்ளத்தில் இறங்கி ஆற்றுக்குப் போக வேண்டும். அப்படி அஞ்சலை என்ற பெண் ஆற்றுக்குப் போயிருந்தபோது, அவளுடைய மகன் முருகேசு தொட்டியில் விழுந்து செத்தான். பள்ளிக்கூடம் போகிற வயது இன்னும் வரவில்லை.

மரண விசாரணை அன்று பிற்பகலே ஸ்டோர் வாசலில் நடந்தது. விசாரணை அதிகாரி கோட்டும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தார். “தாய் எங்கே இருந்தாள்?” என்று கேட்டார். ஆற்றில் என்றார்கள். “பிள்ளையை ஏன் விட்டுவிட்டுப் போனாள்?” என்றார். பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியும் கொண்டுவர வேண்டியவளுக்கு இன்னொரு கை இல்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தாயின் கவனயீனத்தால் நேர்ந்த விபத்து என்று முடிவாயிற்று. நான் அனுப்பியதில் எங்கள் பத்திரிகை போட்டதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

தொட்டிக்குப் பக்கத்தில்தான் தேயிலை நாற்று மேடை. அதைச் சுற்றி முள்கம்பி வேலி, மேலே வெயில் படாமல் பன்னைத் தழைப் பந்தல், காவலுக்கு ஒரு ஆள். கூட்டம் கலைந்த பிறகு அந்தக் காவல்காரரிடம் போய், ஒன்றும் கேட்கவில்லையா என்று விசாரித்தேன். அவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“தண்ணியில சத்தம் கேட்டுச்சுங்க. மாடு வந்துருச்சுன்னு நாத்துப் பக்கம்தான் ஓடினேன். நான் நாத்துக்குத்தாங்க காவல்.”

பிள்ளைக்காம்பரா

இதை வாசிக்கிற உங்களில் தோட்டம் தெரிந்தவர்கள், “பிள்ளைக்காம்பரா இருக்குமே, பையனை அங்கே விட்டிருக்கலாமே” என்பீர்கள். இருந்தது. வெள்ளையடித்த நல்ல கட்டடம். கூரையிலிருந்து சாக்குத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பார்த்துக்கொள்ள ஆயா ஒருத்தி, பத்து மணிக்குப் பால். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் துரை முதலில் காட்டுவது அதைத்தான்.

ஆனால் அதில் ஒரு நடைமுறை. காலையில் பெரட்டுக் களத்தில் தாய்க்குப் பேர் விழுந்தால், அதாவது அன்றைக்கு வேலை கிடைத்தால், பிள்ளையை அங்கே விடலாம். கொழுந்து குறைந்த காலத்தில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. வேலை இல்லாதவளின் பிள்ளையை ஆயா வாங்கக்கூடாது. ஆக, மழைக்காலத்தில் தொட்டில் நிறைந்திருக்கும். மலையெல்லாம் காய்ந்து, பீலி வற்றி, தாய் ஆற்றுக்கும் விறகுக்கும் அலைகிற காலத்தில் தொட்டில்கள் காற்றில் சும்மா ஆடும். முருகேசு செத்த நாளிலும் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், என்னைக் கண்டால் தேநீர் தராமல் விடமாட்டார். சீனியைக் கலக்கிக்கொண்டே விளக்கினார். “இதென்ன தம்பி கேள்வி? பேர் குடுத்த நாளிலை தாய் மலையிலை, பிள்ளை காம்பராவிலை. பேர் குடாத நாளிலை தாய் வீட்டிலை. பிறகென்னத்துக்குக் காம்பரா?”

“அவள் வீட்டில் இல்லையே, ஆற்றுக்கல்லவா போகிறாள்” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. புரியாத மாணவனைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார்.

“தம்பி, பிள்ளைக்காம்பரா வேலைக்காரரின்ரை பிள்ளையளுக்கு. வேலை குடாத நாளிலை அதுகள் வேலைக்காரர் இல்லை.”

அலமாரி

அடுத்த ஆனி பிறந்ததும் கொழும்பிலிருந்து உதவி ஆசிரியர் ஒரு நறுக்கு அனுப்பினார். மாதர் பக்கத்தில் வரப்போகும் கட்டுரை. ‘கோடையில் உங்கள் செல்வங்கள்’ என்று தலைப்பு. எந்த வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து பெயர்த்தார்களோ தெரியாது. இதைத் தோட்டத்துத் தாய்மாரிடம் வாசித்துக் காட்டி அவர்களுடைய கருத்தை வாங்கி அனுப்பும்படி உத்தரவு.

பீலியடியில் போய் நின்றேன். நூலாக ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் இருந்தன. பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையும் இருந்தாள், மடியில் மகள் ராசாத்தி, மூன்று வயது. அந்த ஒரு வருடத்தில் அஞ்சலை என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. “இவள இந்த ஆடி தாண்ட வச்சிரணும்ங்க” என்றாள். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

வாசித்தேன். மருந்து, மண்ணெண்ணெய் போன்றவற்றை உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

“அலமாரிய வச்சிட்டா நாங்க எங்கங்க படுக்கிறது? அதுக்குள்ளயா?” என்றாள் சுப்பம்மா. வாய் பெரியவள் என்று பேர் எடுத்தவள்.

“நீ படுத்தா அலமாரி தாங்காதுடி” என்று இன்னொருத்தி சொன்னாள். சிரித்தார்கள்.

நீச்சல் குளத்தின் அருகே குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

“நீச்சல் குளம்னா என்னங்க?”

“துரை பங்களாவில குளிக்கிற தொட்டி இருக்குல்ல, அதுவே இன்னும் பெருசா” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அப்ப நம்ம ஸ்டோர்த் தொட்டி மாதிரின்னு சொல்லு” என்று சொல்லிவிட்ட பிறகுதான் சுப்பம்மாவுக்கு அஞ்சலை உட்கார்ந்திருப்பது நினைவு வந்தது. அவள் எழுந்து போய் வரிசையில் தன் குடத்தை நகர்த்தி வைத்தாள். நம்பிக்கையான பணிப்பெண்ணிடம் பிள்ளைகளை ஒப்படைப்பது பற்றிய கடைசிப் பத்தியை நான் வாசிக்கவில்லை.

அஞ்சலைதான் அந்த நறுக்கை என் கையிலிருந்து வாங்கி, மேலே போட்டிருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைப் பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

“இந்தம்மாவுக்கு எத்தன புள்ளைங்க செத்துச்சுங்க, இம்புட்டுத் தெரிஞ்சு வச்சிருக்காங்களே?”

லெமனேட் போத்தல்

பண்டாரவளையில் மண்ணெண்ணெய் விற்ற காதர் நானாவின் கடையில்தான் பஸ்ஸுக்காகக் காத்திருப்பேன். தோட்டத்துச் சனம் மண்ணெண்ணெய் வாங்க லெமனேட் போத்தல் கொண்டுவரும். பூட்டுகிற தகரம் வாங்க யாருக்கும் வசதியில்லை. வெயில் காலத்தில் தாகத்தோடு விளையாடிவிட்டு ஓடிவருகிற பிள்ளைக்கு மூலையில் லெமனேட் போத்தல் இருந்தால் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு முறை நடந்திருக்கும். உங்கள் அதிர்ஷ்டம், பக்கத்தில் டாக்டர் இருந்திருப்பார்.

பூனாகலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று அப்படிக் குடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற வழியிலேயே முடிந்தது. அந்தப் போத்தலில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தவர் நானா. அன்றைக்குக் கடையை அரைக் கதவு சாத்தி வைத்திருந்தார். மறுநாளிலிருந்து, குடிக்கிற போத்தல் எதிலும் எண்ணெய் ஊற்றமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். “தகரம் கொண்டாங்க, சட்டி கொண்டாங்க, லெமனேட் போத்தல் மட்டும் வேணாம்” என்பார். சனம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போயிற்று. அங்கே போத்தலைக் கழுவிக்கூடப் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். எண்ணெய்ப் பீப்பாய் மூலைக்குப் போயிருந்தது. நானா ஆணியில் புதிதாக வந்த பூட்டுகளைக் கோத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

“நான் திருந்தினதால புள்ளைங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல தம்பி, எதிர்க்கடைக்காரனுக்குத்தான் யாவாரம். இப்ப பூட்டுத்தான் போவுது, உங்கட கொஸ்லந்தத் தோட்டத்து ஆள்கள் வந்து அள்ளிட்டுப் போறாங்க.”

பூட்டு

பூட்டு விற்றதற்குக் காரணம் உண்டு. விசாரணை அதிகாரியின் முடிவைத் துரை மனத்தில் வைத்திருந்தார். கவனயீனம் என்றால் கவனத்தை உண்டாக்க வேண்டும் அல்லவா? தொட்டிக்கு மூடி போடவில்லை. மூடினால் தண்ணீர் மட்டம் தெரியாதாம். வேலையில்லாத நாளில் வெளியே போகும் தாய்மார் பிள்ளைகளைத் தங்கள் லயத்துக் காம்பராவுக்குள், அதாவது வீட்டு அறைக்குள், விட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், தொட்டியருகே பிள்ளையைக் கண்டால் அந்தக் குடும்பத்துக்குத் தண்டனை என்று பெரட்டில் சொல்லப்பட்டது. கணக்கப்பிள்ளை லயம் லயமாகப் போய்ப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தார்.

ஆடி நடுவில் ஒரு நாள், பஸ் வளைவில் திரும்பும்போதே அந்தத் தோட்டத்துப் பக்கம் புகை தெரிந்தது. லயத்துக்கு மேலே மானாப்புல் பற்றிக்கொண்டது. யார் வைத்ததோ, காற்று கொண்டுவந்ததோ தெரியாது. அந்தக் காற்றுக்கு முன்னால் மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. பெண்கள் ஆற்றில். சாவிகள் அவர்களுடைய முந்தானையில். பிள்ளைகள் உள்ளே.

அன்றைக்கு லயத்தில் இருந்த பெரிய ஆள் ராமசாமி ஒருவர்தான். கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர். அவர் ஸ்டோர்க் கொட்டிலுக்கு நொண்டிக்கொண்டே போய் கடப்பாரை போன்ற ஓர் அலவாங்கைத் தூக்கிவந்து, காம்பரா காம்பராவாகக் கதவை நெம்பித் தள்ளினார். புகைக்குள் பிள்ளைகள் எந்த மூலையில் கிடக்கிறார்கள் என்று தெரியவில்லை. கையால் தடவித் தடவி இழுத்துப் போட்டார். ராசாத்தி சுருட்டி வைத்த பாய்க்குப் பின்னால் புகுந்திருந்தாள். முடி ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. உயிர் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்தது. கூரையில் அடித்திருந்த தார்த்தகடு உருகி வழிந்துகொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு பாதையைத் தாண்ட முடியாமல் அணைந்திருந்தது. அஞ்சலை மகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் ஒரு சாவியை இறுக்கிப் பிடித்திருந்தன. கதவே கீழே கிடக்கிறது, சாவி எதற்கு என்று சுப்பம்மா அதைப் பிடுங்கப் பார்த்தாள். விரல் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ராமசாமியை ஆபீஸுக்கு வரச்சொன்னார்கள். பாராட்டுவதற்கு என்று நினைத்து நானும் போனேன். தோட்டத்துக் கதவுகளை அனுமதியில்லாமல் உடைத்தது ஒன்று, ஸ்டோர் அலவாங்கை எழுதிவைக்காமல் எடுத்தது இரண்டு. இரண்டுக்கும் விளக்கம் கேட்டார்கள். ராமசாமி கொப்புளித்துப்போயிருந்த இரு கைகளையும் மேசைமேல் வைத்தார். பெரிய கிளாக்கர் அந்தக் கைகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“உயிர் ஒண்டும் போகேல்லைத்தானே தம்பி. போனது கதவு. அதுக்கு ஆரோ ஒராள் பதில் சொல்ல வேணும்.”

கோயில் கொட்டகை

பூட்டுகளைப் பெண்கள் ஆற்றில் எறிந்தார்கள் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. உண்டியலுக்கும் அரிசிப் பெட்டிக்கும் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பூட்டுவதை மட்டும் நிறுத்தினார்கள்.

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை ஒன்று, திருவிழாவுக்குப் போட்டது, சும்மா கிடந்தது. வேலையில்லாத நாளில் பிள்ளைகள் எல்லாரையும் அங்கே சேர்த்து ஒருத்தி இருந்து பார்த்துக்கொள்வது என்று முறை வைத்துக்கொண்டார்கள். இருக்கிறவளின் குடத்தை மற்றவர்கள் ஆற்றிலிருந்து நிறைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முதலில் சண்டை. என் குடத்தைத் தளும்ப விட்டாய், உன் பிள்ளை என் பிள்ளையைக் கடித்தது என்று. பிறகு பழகிவிட்டது.

“சுப்பம்மா முறைன்னா ஒரு புள்ளையும் அழுவாதுங்க. அவ போடுற சத்தத்துல பயந்து எல்லாம் தூங்கிரும்” என்றாள் அஞ்சலை. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருமுறைதான். ராசாத்தி கொட்டகைத் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். முடி மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆவணி முழுவதும் தொட்டியடிக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை. ஒன்றுமே நடக்காததால் எனக்கு எழுத ஒன்றுமில்லை. என் தொழிலில் அதைவிட நல்ல மாதம் வந்ததில்லை.

அடுத்த வருட ஆனியில் தொழிற்சங்கத்து மாவட்டத் தலைவர் காரில் வந்தார். தோட்டத்துச் சனத்துக்கு ஓட்டுரிமை போன பிறகு அந்தப் பாதையில் ஏறிய முதல் அரசியல்வாதி அவர்தான். பெண்கள் தாமாகவே ஒன்றுகூடி ஒரு காரியம் நடத்துகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தார், கொட்டகையைப் பார்த்தார், பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டினார், போகும்போது கொட்டகை முகப்பில் சங்கக் கொடியைக் கட்டிவிட்டுப் போனார். அதை அவிழ்க்கப் பெண்களுக்குப் பயம். அவிழ்த்தால் சங்கத்துக்குத் துரோகம். வைத்திருந்தால் துரைக்கு விரோதம். மறுநாள் காலை துரையின் மோட்டார் சைக்கிள் கோயிலடியில் நின்றது. அவர் கண்ணுக்குப் பிள்ளைகள் தெரியவில்லை, கொடி தெரிந்தது. வேலையில்லாத நாளில் பெண்கள் முறை வைத்துக் கூடுகிற இரகசியக் கூட்டம் என்று முடிவு செய்தார். பெரிய கங்காணி வந்து கொட்டகைக்குத் தட்டி அடித்துப் பூட்டினார். அந்தப் பூட்டும் காதர் நானா கடையில் வாங்கியதாகவே இருக்க வேண்டும்.

பதுளையில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். உற்சாகமாக இருந்தார். துரைமாரின் அடக்குமுறையை அம்பலப்படுத்திவிட்டோம், முதல் பக்கத்தில் போடுங்கள், என் படம் ஒன்றும் தருகிறேன் என்றார். “சரி, அந்தப் பிள்ளைகளை இனி எங்கே வைப்பது?” என்று கேட்டேன். படம் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தப் புள்ளைங்க?”

சேலைத் துண்டு

அந்த ஆடியில் எங்கள் பத்திரிகை ஊவாத் தேயிலைக்கு ஒரு சிறப்பு மலர் போட்டது. கொழும்பிலிருந்து படப்பிடிப்பாளர் வந்தார். நான் வழிகாட்டி. கொழுந்துக் கூடைகளையும் மலைச்சரிவையும் எடுத்து முடித்துவிட்டு ஆற்றுப் பாதையில் இறங்கினோம். கீழேயிருந்து அஞ்சலை ஏறி வந்தாள். தலையில் குடம், கையில் வாளி. இடுப்பில் ஒரு பழைய சேலைத் துண்டை முறுக்கிக் கட்டி, அதன் மறுமுனையை, மேட்டில் ஓரெட்டு முன்னால் ஏறிய ராசாத்தியின் இடுப்பில் முடிந்திருந்தாள். தாய் நின்றால் பிள்ளை நிற்கும். பிள்ளை விழுந்தால் தாய் சாய்வாள். அவளுக்குப் பின்னால் சுப்பம்மா, அவளுக்குப் பின்னால் இன்னும் பலர். எல்லாத் தாய்மாரின் இடுப்பிலும் ஒரு முறுக்குத் துண்டு, அதன் முனையில் ஒரு பிள்ளை, சிலருக்கு இரண்டு.

“அற்புதம், அற்புதம்” என்று படப்பிடிப்பாளர் பாதையில் மண்டியிட்டு அஞ்சலையை எடுத்துக்கொண்டார்.

மலர் வந்தது. மாதர் பக்கத்தில் அந்தப் படம் பெரிதாக இருந்தது. ‘மலையகத்தின் எழில்: தாயும் சேயும்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே, முந்தைய வருடங்களைப் போல, கோடையில் உங்கள் செல்வங்களைக் காப்பது எப்படி என்ற கட்டுரையும் இருந்தது. நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு அஞ்சலையைக் கிண்டல் செய்தார்கள். “இவ மூஞ்சிய வச்சித்தான் சீமையில தேயில விக்கிறானுங்களாம்” என்றாள் சுப்பம்மா.

அஞ்சலை படத்தை வெகு நேரம் பார்த்தாள். குடம் இருந்தது. அவள் முகம் இருந்தது. முன்னால் மகளின் முகமும் இருந்தது. இடையில் இருந்ததைத்தான் அவள் விரலால் தேடினாள். அழகு கெடும் என்று கொழும்பில் இடுப்புக்கு மேலேயே வெட்டிவிட்டார்கள்.

“முடிச்சு தெரியலையேங்க” என்றாள். “இதப் பாத்தா நான் பாட்டுக்கு நடக்குறேன், புள்ள பாட்டுக்கு நடக்குதுன்னுல்ல நெனப்பாங்க.”

ராசாத்திக்கு அப்போது ஐந்து வயது நெருங்கியிருந்தது. ஓடியாட வேண்டிய பிள்ளை. துண்டின் முனையில் நின்று, எட்டாத தூரத்தில் இருந்த ஒரு கல்லைக் காலால் இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, மேட்டில், நாற்று மேடைக்குப் புது முள்கம்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டி முன்பு போலவே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இன்னும் எத்தனை ஆடிக்கு இப்படிக் கட்டி வைத்திருக்கப் போகிறாய் என்று கேட்டேன். அஞ்சலை முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

“அவ வேலைக்குப் பேர் பதியிற வயசு வரட்டும்ங்க, அவுத்து விட்டுர்றேன். அப்புறம் அவ தோட்டத்துச் சொத்து. தோட்டத்துச் சொத்துன்னா வேலி போட்டுப் பாத்துக்குவாங்க.”

அத்தனை ஆடியிலும் நான் எழுதி அனுப்பியவற்றில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய வரி என்று எதையும் காட்ட முடியாது. காப்பாற்றிய ஒரு சேலைத் துண்டு படத்தில் விழுந்தது, அதையும் எங்கள் பத்திரிகை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டது.